பெங்களூரில் பேட்டரி சைக்கிள் சுற்றுலா: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் எனக்குப் பேட்டரி வண்டி ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்றைக்கு, பெங்களூரில் நண்பர் ஒருவர் நடத்துகிற மின்சார சைக்கிள் சுற்றுலாவில் நான்தான் வால். அதாவது கைடு முன்னால் போவார், வந்தவர்கள் நடுவில் வருவார்கள், கடைசியில் நான் காற்றடிக்கிற பம்ப்பும் பஞ்சர் சாமானும் வைத்துக்கொண்டு வருவேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியைக் கொடுத்துவிட்டு இதைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

இது சைக்கிளா, ஸ்கூட்டரா?

சைக்கிள்தான். ஓசூரிலும் போச்சம்பள்ளிப் பக்கத்திலும் மின்சார ஸ்கூட்டர் தயாராகி நாடு முழுக்கப் போகிறதல்லவா, அதனால் நம் மாவட்டத்து ஆட்கள் 'எலக்ட்ரிக்' என்றதுமே ஸ்கூட்டரை நினைத்துக்கொண்டு வந்து, பெடலைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார்கள். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்குள் ஒரு சின்ன மோட்டார், ஃபிரேமில் பூட்டுப் போட்ட பேட்டரி, ஹேண்டில்பாரில் ஒன்று முதல் ஐந்து வரை அழுத்துகிற பட்டன், அவ்வளவுதான். நீங்கள் பெடலை மிதித்தால் சென்சார் அதைக் கண்டுபிடித்து மோட்டாரை ஓட்டும், மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நிற்கும். பிரேக்கைத் தொட்டாலே மோட்டாருக்குப் போகிற மின்சாரம் நின்றுவிடும். எண் கூடக் கூடத் தள்ளுகிற பலம் கூடும். மேட்டில் ஏறும்போது யாரோ சீட்டைப் பிடித்துத் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும்.

லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகம் என்றால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவெண், லைசென்ஸ் எதுவும் கேட்க மாட்டார்கள். ஹெல்மெட் மட்டும் நாங்கள் கேட்போம். தலை வேர்க்கிறது, முடி கலைகிறது என்ற கதையெல்லாம் வேண்டாம்.

பெங்களூருக்குத்தான் மாதம் இரண்டு தடவை போகிறோமே, அங்கே புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. நானும் இப்படித்தான் கேட்டேன். நம் ஊர்க்காரர்களுக்குப் பெங்களூரு என்றால் என்ன? நிம்ஹான்ஸ், கிட்வாய், ஜெயதேவா என்று ஆஸ்பத்திரிகள். இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு மார்க்கெட்டில் பூ, சிக்பேட்டையில் துணி. இல்லாவிட்டால் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிற மகன் வீடு. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கி, சில்க் போர்டு சிக்னலில் விழித்து, மறுபடி தூங்கி, இறங்கி வேலையை முடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இருபது வருஷமாகப் போய் வருகிறேன், கோட்டை ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மார்க்கெட் பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கோட்டைச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1791 மார்ச் 21-ஆம் தேதி வெள்ளைக்காரப் படை இந்த இடத்தில் சுவரை உடைத்து உள்ளே புகுந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. காரன்வாலிஸ் படை அது. அதே வருஷக் கடைசியில் அவர்கள் ஆட்கள் நம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கும் வந்தார்கள், கீழே இருந்த பேட்டையைப் பிடித்தார்கள், மேலே ஏற முடியவில்லை. பெங்களூரு விழுந்த வருஷம் நம் மலை விழவில்லை. ஆனால் மறுவருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானோடு போட்ட ஒப்பந்தத்தில் பாராமகால் மொத்தமும், அதாவது இன்றைய கிருஷ்ணகிரியும் தருமபுரியும் சேர்ந்த பகுதி, கையெழுத்தோடு அவர்களுக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் இதை மைசூர்ப் போர் என்று படித்தபோது மைசூரில் நடந்த சண்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் தலைக்கு மேலே இருக்கிற மலையும் அதில் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லை.

சரி, எந்த வழியாகப் போவோம்?

லால்பாக், கோட்டை, மார்க்கெட், கப்பன் பார்க், விதான சௌதா, கடைசியில் அல்சூர் ஏரி. சுற்றி வளைத்து 15 முதல் 20 கிலோமீட்டர் வரும். நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் போவதால் நாலரை மணி நேரம் பிடிக்கும்.

லால்பாக்கில் வாசலிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டு நடக்கிறோம். 1760-இல் ஹைதர் அலி ஆரம்பித்த தோட்டம், இப்போது 240 ஏக்கர். எல்லாரும் கண்ணாடி மாளிகைக்குத்தான் ஓடுவார்கள். 1889-இல் கட்டியது, அழகுதான், ஆகஸ்டிலும் ஜனவரியிலும் மலர்க் கண்காட்சி நடக்கும்போது உள்ளே நுழைய முடியாது. எனக்குப் பிடித்தது அந்தப் பாறை. கெம்பேகவுடா கோபுரம் நிற்கிறதே, அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருஷம் என்று புவியியல் துறை பலகை வைத்திருக்கிறது. ஒருமுறை பர்கூர் பக்கத்திலிருந்து வந்த பெரியவர், கல் குவாரியில் வேலை பார்த்தவர், அதைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "பாறையைக் காட்டவா தம்பி காலையில நாலு மணிக்கு எழுப்பினே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எல்லாரும் இறங்கின பிறகும் அவர் மட்டும் அந்தப் பாறை மேலேயே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மார்க்கெட்டில் ஓட்ட முடியாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சாமந்தி மூட்டை தலைமேல் வைத்து வருகிறவர்கள் உங்களுக்காக நிற்க மாட்டார்கள். ஓசூர், ராயக்கோட்டைப் பக்கத்துப் பூ இங்கே நிறைய இறங்குகிறது. நம்மவர் யாராவது ஒருவர் தெரிந்த வியாபாரியைப் பார்த்துவிடுவார், அங்கே கால் மணி நேரம் போய்விடும். இதை நாங்கள் கணக்கிலேயே சேர்த்து வைத்திருக்கிறோம்.

இதே மார்க்கெட் பகுதியில்தான் 1905 ஆகஸ்டில் பெங்களூரின் முதல் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது. கைடு இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டு செல்போனைப் பார்ப்பார்கள். அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். காவிரியிலிருந்து. சிவசமுத்திரத்தில் தண்ணீரை விழவிட்டு 1902-இல் மின்சாரம் எடுத்து முதலில் கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கொடுத்தார்கள், மூன்று வருஷம் கழித்துப் பெங்களூருக்கு வந்தது. அங்கே வேலையை முடித்த தண்ணீர்தான் கீழே இறங்கி நம் ஒகேனக்கல்லில் மறுபடி விழுகிறது. பென்னாகரத்துப் பையன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ கரண்ட் எடுத்துட்டு மிச்சத்தை நமக்கு விட்டாங்களா?" என்றான். தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்தால் தண்ணீர் குறைவதில்லை, அதன் வேகத்தைத்தான் எடுக்கிறார்கள் என்று புரியவைக்க எனக்கு ஒரு டீ ஆயிற்று.

அந்தத் திட்டத்தை ஆரம்பித்த திவான் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழர், கப்பன் பார்க்கில் சிவப்பு நூலகக் கட்டடத்துக்கு முன்னால் சிலையாக நிற்கிறார். மார்க்கெட்டில் ஆரம்பித்த கதையைக் கைடு அங்கே கொண்டுவந்து முடிப்பார். கப்பன் பார்க் 1870-இல் போட்டது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே கார், பைக் கிடையாது. சைக்கிளும் நாய்க்குட்டியும் குழந்தைகளும்தான். மூங்கில் புதருக்குப் பக்கத்து வளைவில் மோட்டாரை அணைத்துவிட்டு வெறும் பெடலில் போய்ப் பாருங்கள். அந்தப் பக்கம் சிவப்பாக அட்டாரா கச்சேரி, இப்போது உயர்நீதிமன்றம். அதற்கு எதிரே விதான சௌதா, 1956-இல் கட்டி முடித்தது. அதை வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

அல்சூரில் ஏரிக்கரைக்குப் போனால் வள்ளுவர். 1991-இலேயே வைத்த சிலை, பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். பதிலுக்குச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை அதே மாதம் திறந்தது. நம் ஆட்கள் இங்கே வந்ததும் வரிசையில் நின்று போட்டோ எடுப்பார்கள், அதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

எப்படிப் போய்ச் சேருவது?

கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். காலை 4 மணிக்கு ரவுண்டானாவில் வேன் ஏறினால் லால்பாக் கதவு திறக்கிற 6 மணிக்கு அங்கே நிற்கலாம். தருமபுரிக்காரர்கள் இன்னும் முக்கால் மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும், அல்லது முதல் நாளே ரயிலில் போய்த் தங்கிவிட வேண்டும். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது, அந்தப் பேச்சை ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. திரும்பும்போது பஸ்ஸில் வருவதாக இருந்தால் ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் மெட்ரோ ஏறி எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ இறங்கி பஸ் பிடிக்கலாம். 2025 ஆகஸ்டில் திறந்த பாதை. சில்க் போர்டு நெரிசலை மேலே இருந்து பார்த்துக்கொண்டே வருவதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது. காலையில் மட்டும் மெட்ரோவை நம்ப வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை தாமதமாகத்தான் ஆரம்பிப்பார்கள்.

சைக்கிள் ஓட்டி இருபது வருஷம் ஆகிறது. முடியுமா?

முடியும். கால் மறக்காது, கைதான் மறந்திருக்கும். இத்தனை வருஷம் பைக் ஓட்டிப் பழகியதால் பலர் பின் பிரேக்கைக் காலில் தேடுகிறார்கள். அது அங்கே இருக்காது. முதல் அரை மணி நேரம் காலி இடத்தில் ஓட்டிப் பழக்கித்தான் கிளப்புவோம்.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் வருகிறவன் என்பதால் எனக்குத்தான் இது கண்ணில் படுகிறது. சிக்னலில் நிற்கும்போது ஒரு காலைத் தரையில் ஊன்றி, இன்னொரு காலைப் பெடல்மேல் ஆசுவாசமாக வைத்துக்கொள்வார்கள். மோட்டார் எண் ஐந்தில் இருக்கும். கால் லேசாக அழுத்தினால் போதும், பெடல் கால் சுற்று நகரும், சென்சார் 'ஆகா, மிதிக்கிறார்' என்று நினைத்துக்கொள்ளும், சைக்கிள் துள்ளும். காவேரிப்பட்டணத்து அண்ணன் ஒருவர் இப்படித் துள்ளி முன்னால் நின்ற ஆட்டோவின் பம்பரில் முட்டிவிட்டார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "எந்த ஊருண்ணா?" என்று தமிழிலேயே கேட்டதால் பிழைத்தோம். நின்றால் இரண்டு விரல் பிரேக்மேல் இருக்கட்டும், எண்ணை ஒன்றுக்கு இறக்குங்கள். இதை மட்டும் செய்தால் பாதிப் பிரச்சினை வராது.

புடவை கட்டிக்கொண்டு வரலாமா?

வேண்டாம் அக்கா. செயினில் மாட்டினால் புடவை போகும், சில நேரம் ஆளும் போவார். சுடிதார் சரி, துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ளுங்கள். ஆண்களுக்கும் சொல்கிறேன், வேட்டி வேண்டாம். ஒருவர் வந்தார்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா? வயதானவர்கள்?

தனியாக ஓட்ட 16 வயது முடிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. சட்டம் கேட்காவிட்டாலும் 22, 23 கிலோ எடையுள்ள சைக்கிளைச் சின்னப் பிள்ளைகளால் சட்டென்று பிடித்து நிறுத்த முடியாது. பெரியவர்களுக்கு வயது வரம்பு இல்லை, ஆனால் முட்டி மாற்று அறுவை செய்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். எங்களிடம் மறைத்துவிட்டு வராதீர்கள்.

பெங்களூரு டிராஃபிக்கில் சைக்கிளா? பைத்தியமா?

ஞாயிறு காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை அது வேறு ஊர். பத்து மணிக்கு மேல் நீங்கள் சொல்வது சரி, அதனால்தான் பத்தரைக்குள் ஏரிக்கரையில் முடித்துக்கொள்கிறோம். ஒற்றை வரிசை, இடது ஓரம், முன்னால் போகிறவரைத் தாண்டக் கூடாது. குழி வந்தால் முன்னால் இருப்பவர் கையைக் கீழே காட்டுவார், அதையே நீங்கள் பின்னால் வருபவருக்குக் காட்ட வேண்டும். எட்டாவது ஆள் வரைக்கும் அந்தக் கை வந்து சேர்வதைப் பின்னால் இருந்து பார்க்க எனக்குப் பிடிக்கும். எட்டுப் பேருக்கு மேல் ஏற்றுவதும் இல்லை.

நடுவழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்?

பேட்டரி நிறைந்திருந்தால் இந்த மாதிரிச் சைக்கிள் 35, 40 கிலோமீட்டர் தாங்கும். நம் பயணம் அதில் பாதி. ஐந்திலேயே வைத்து ஓட்டினாலும் வந்துவிடலாம். தீர்ந்தால் பெடல் இருக்கிறதே, மிதியுங்கள். என்ன, கனமாக இருக்கும்.

வேறொரு இடத்தில் வாடகைக்கு எடுத்து ஒருமுறை நாங்கள் பட்டது தனி. திரையில் நாலு கோடும் முழுசாகக் காட்டியது. டவுன்ஹால் மேடு ஏறும்போது பொசுக்கென்று ஒரு கோட்டுக்கு இறங்கியது, பிறகு சமதளம் வந்ததும் மூன்று கோடு. செத்துக்கொண்டிருக்கிற பேட்டரி இப்படித்தான் நடிக்கும்: சும்மா இருக்கும்போது வோல்ட்டேஜ் நன்றாகக் காட்டும், சுமை வந்ததும் விழும். அதனால் எங்கே வாடகைக்கு எடுத்தாலும் நிறுத்தி வைத்துத் திரையைப் பார்க்காதீர்கள். மோட்டார் எண்ணை ஐந்தில் வைத்து ஒரு சின்ன மேட்டில் ஏற்றி, அப்போது கோடு எத்தனை என்று பாருங்கள். என் கடைக்கு வருகிற ஸ்கூட்டர் பேட்டரிகளுக்கும் இதே சோதனைதான்.

மழை வந்தால்?

தூறல் ஒன்றும் செய்யாது. முழங்கால் தண்ணீரில் இறக்கினால் மோட்டாருக்குள் தண்ணீர் போகும், அங்கே தள்ளிக்கொண்டும் போக விடமாட்டேன், சுற்றுவழிதான். மே மாதம் சாயங்காலம் இடியோடு கொட்டும், காலையில் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, விடிகாலையில் சைக்கிள் காற்று விரலைக் கடிக்கும்.

கன்னடம் தெரியாதே?

கைடு தமிழில்தான் சொல்வார். நம் பக்கத்து ஆட்களில் நிறையப் பேருக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இருக்கும், இருந்தும் ஏன் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. 'ஸ்வல்ப' என்ற ஒரு சொல் போதும், கொஞ்சம் என்று அர்த்தம். "ஸ்வல்ப ஜாக பிடி", அதாவது கொஞ்சம் இடம் விடுங்கள் என்றால் வழி கிடைக்கும்.

சாப்பாடு?

லால்பாக்கிலிருந்து வெளியே வந்ததும் காலை டிபன். பக்கத்திலேயே 1924-இல் ஆரம்பித்த எம்.டி.ஆர். இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவா இட்லி பிறந்த கடை. ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளம், காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் தெருவோரம் நின்று சாப்பிடுகிற தர்சினி எதிலாவது இட்லி வடை சாப்பிட்டு, ஒரு காபியை 'பை டூ' சொல்லி இரண்டாகப் பிரித்துக் குடிக்கலாம். குளிர்காலத்தில் வந்தால் அவரைக்காய்ப் பருவம். 'ஹிதகித பேளே' என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து என்னமோ ஏதோ என்று ஆர்டர் செய்வார்கள், வந்து பார்த்தால் நம் வீட்டுப் பிதுக்கம்பருப்புக் குழம்பு. 'முத்தே' என்பது கேழ்வரகுக் களி. அதற்குப் பணம் கொடுத்துச் சாப்பிட என் அம்மா சம்மதிக்கவே இல்லை.

ஏன் கைடோடு போக வேண்டும், நாங்களே சைக்கிள் எடுத்துப் போக முடியாதா?

தாராளமாகப் போகலாம். மேலே எழுதிய வழியை வைத்துக்கொண்டே போகலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. பஞ்சரானால் ஞாயிறு காலையில் கடை திறந்திருக்காது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஹப் மோட்டார் உள்ள பின்சக்கரத்தைக் கழற்ற முதலில் மோட்டார் ஒயரின் கனெக்டரைப் பிரிக்க வேண்டும், சாதாரண சைக்கிள் கடைக்காரர் அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுவார். யாரிடம் போனாலும் முன்கூட்டியே கேட்க வேண்டியவை: வேன் செலவு சேர்த்தியா, நுழைவுச் சீட்டுகள் சேர்த்தியா, டிபன் சேர்த்தியா, சைக்கிளில் கீறல் விழுந்தால் யார் கணக்கு. கடைசிக் கேள்விக்கு மழுப்புகிறவர்களிடம் எடுக்காதீர்கள். கிளம்பும் முன் சைக்கிளைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏரியில் ஏன் நுரை பொங்குகிறது என்று கேட்டால் கைடு பேச்சை மாற்றுகிறாராமே?

அவர் மாற்றுவார், நான் மாற்ற மாட்டேன். நுரைக்குப் பெயர் போனது அல்சூர் இல்லை, பெல்லந்தூரும் வர்த்தூரும். நகரத்துக் கழிவுநீர் அந்த ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் இறங்குகிறது. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது என்று செய்தியில் பார்க்கிறோமே, அது இங்கிருந்து வருவதுதான். அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை. 1957-இல் காமராஜர் திறந்துவைத்த அந்த அணைக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போகிறவர்கள் நாம்.

கிருஷ்ணகிரியிலேயே இப்படி ஒன்று நடத்தக் கூடாதா?

ஆசைதான். காலையில் மலைக்கோட்டை அடிவாரம், காந்தி ரோட்டில் அருங்காட்சியகம், சந்துகளைச் சுற்றிவிட்டு அணைக்கரை. மே, ஜூனில் என்றால் வழியில் மாந்தோப்பு, செந்தூராவும் பெங்களூராவும் குவித்து வைத்திருப்பார்கள். பெங்களூரில் நடப்பதைவிட நன்றாகவே நடக்கும். ஆனால் அணைக்கு நேர்வழி தருமபுரி நெடுஞ்சாலை. சேலம் போகிற லாரிக்குப் பக்கத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரில் எட்டுப் பேரைக் கூட்டிப்போக எனக்குத் தைரியம் வரவில்லை. உள்வழி பார்க்கலாம் என்று இரண்டு தடவை தனியாகப் போய்ப் பார்த்தேன், ஒரு தடவை நாய் துரத்தியது, இன்னொரு தடவை பாதை ஒருவர் வீட்டுக் களத்துமேட்டில் போய் முடிந்தது. அவர் மோர் கொடுத்து அனுப்பினார். அந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்காவது வண்டிப்பாதை தெரிந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள்.